நூலைப் படித்தவர்க்கே இயலும் மதிப்புரை



நூல் மதிப்புரை எழுதப் பணித்தால் மாணவர் பலர் ஒரே அச்சில் வார்த்தாற்போல் எழுதுகின்றனர். நூலாசிரியர் பெயர், பதிப்பகம், விலை, கதைச் சுருக்கம், இறுதியில் ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்னும் பாராட்டு. இவ்வைந்தையும் நூலைத் திறவாமலேயே எழுதிவிடலாம். பின்னட்டைக் குறிப்பும் இணையத்துச் சுருக்கமும் அதற்குப் போதும். ஆகவே மதிப்புரையைப் புதிய முறைகளில் வழங்க மாணவரைப் பழக்குதல் நன்று. ஆனால் வேடமும் வண்ணப்படமும் மட்டும் புதுமை ஆகா. நூலைப் படிக்காதவரால் செய்ய இயலாத முறை எதுவோ, அதுவே சிறந்த முறை.

நூலை அறிமுகம் செய்யும் கலை தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், சிறப்புப் பாயிரத்துக்குரிய 11 செய்திகளை வகுத்துரைக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களம், காரணம் என்பன மூன்று. இவற்றைச் சீட்டுகளில் எழுதிக் குடத்திலிட்டு, அவையோர் எடுக்கும் சீட்டுக்கேற்ப மாணவர் விடை கூறலாம். இந்நூல் யாருக்காக எழுதப்பட்டது, எக்காரணத்தால் எழுந்தது என்னும் வினாக்களுக்கு மனப்பாடம் துணை வாராது.

அடுத்தது வழக்காடு மன்றம். சிலப்பதிகாரம் பயின்ற மாணவர் சிலர் பாண்டியன், கண்ணகி, பொற்கொல்லன், கவுந்தியடிகள் ஆகியோராக நின்று சாட்சி கூறலாம். விதி ஒன்றே: காப்பியத்தில் அப்பாத்திரம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே கூற வேண்டும். கவுந்தியடிகளாக நிற்கும் மாணவி, மதுரை வரை உடன் நடந்ததைச் சொல்லலாம்; கண்ணகியை மாதரியிடம் அடைக்கலம் தந்ததையும் சொல்லலாம். சிலம்பைக் களவாடியவர் யார் என்று வினவினால், “புறஞ்சேரியில் இருந்தேன், நேரிற் கண்டிலேன்” என்றே விடை கூற வேண்டும். சுருக்கத்தை மட்டும் படித்தவர் இவ்விடத்தில் தடுமாறுவார்.

மூன்றாவது சொற்போர். நீலகேசியின் தலைவி, பிற சமயத்தாரின் கொள்கையைக் கேட்டறிந்த பின்னரே அதனை மறுக்கிறாள். அவ்வாறே இருவர் ஒரே நூலைப் படித்து, ஒருவர் அதன் நிறையையும் மற்றவர் குறையையும் பேசலாம். எதிர்த்தரப்பின் கருத்தை அவரே ஒப்புமாறு எடுத்துரைத்த பின்புதான் தம் கருத்தைத் தொடங்க வேண்டும். அநேகாந்தத்தை இளையோர் செயலில் பழகுவதற்கு இஃது ஒரு வழி. நூலின் குறையைக் கூறுதல் பழித்தல் ஆகாது. நன்னூலும் நூலுக்குரிய 10 அழகுகளோடு 10 குற்றங்களையும் சேர்த்தே கூறுகிறது.

மேடை அச்சம் உடையோர்க்கும் வழி உண்டு. கோவலனும் கண்ணகியும் நடந்த வழியைத் திருவரங்கம், உறையூர் முதலிய இடங்களைக் குறித்து வரைபடமாக்கலாம். நாலடியாரின் 400 பாடல்களுள் ஒன்றைத் தேர்ந்து, அன்றைய நாளிதழ்ச் செய்தி ஒன்றோடு பொருத்தி எழுதலாம். ஏனைய 399 பாடல்களை விடுத்து இதனைத் தேர்ந்தது ஏன் என்பதே அம்மதிப்புரையின் உயிர்.

இவையெல்லாம் மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி மறைந்து, சில பாடல்களே எஞ்சின. சீவக சிந்தாமணியோ 1887-ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தது. அதில் வரும் சமணக் கருத்துகளைத் தெளிவதற்காக அவர் குடந்தையில் வாழ்ந்த சமணர்களை நாடினார். அந்நூலைப் படிப்பதும் கேட்பதும் அவர்தம் இல்லங்களில் வழக்கமாக இருந்தமையால் ஐயங்களுக்கு விடை கிடைத்தது. ஏட்டைப் பெட்டியில் காத்தது மட்டும் போதியிருக்காது. படித்துப் பொருள் சொல்வோரும் வேண்டியிருந்தனர்.

நாளை மற்றொருவர் வினவ வரும்போது விடை கூறுவோர் நம் இல்லங்களில் இருத்தல் வேண்டும். அதற்குப் பெரிய அரங்கு வேண்டுவதில்லை. மாதம் ஒரு நூல், ஐந்து நிமிடப் பேச்சு, கேட்பதற்கு வீட்டுப் பெரியோர் போதும். பிள்ளை பேசி முடித்ததும் கைதட்டுவதோடு நில்லாமல், நூலிலிருந்து ஒரு வினாவையும் கேட்க வேண்டும். அவ்வினாவைக் கேட்பதற்குப் பெரியோரும் அந்நூலைப் படித்திருக்க வேண்டும்.