மழைக் கணக்கும் பாத்திக் கணக்கும்



கோட்டுச்சேரியில் கொட்டும், திருநள்ளாறில் வெயில் காயும். "காரைக்காலுக்கு மழைன்னாங்களே, எங்க வயலுக்கு வரலையே" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

வானிலைத் துறையின் கம்ப்யூட்டர், வயலில் பாத்தி கட்டுவது போல, பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பாத்திக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதம் இவ்வளவு என்று வைத்து, சில நிமிடம் கழித்து எப்படி மாறும் என்று கணக்குப் போடுகிறது. அந்த விடையை வைத்து அடுத்த கணக்கு. இப்படியே பல நாள் வரை போகும்.

முன்பு ஒரு பாத்தி 12 கிலோமீட்டருக்கு 12 கிலோமீட்டர். அதாவது 144 சதுர கிலோமீட்டர். நம்ம காரைக்கால் மாவட்டமே மொத்தம் சுமார் 160 தான்! கோட்டுச்சேரியையும் திருநள்ளாறையும் அது எப்படிப் பிரித்துச் சொல்லும்? 2025 மே மாதம் வந்த 'பாரத் முன்னறிவிப்பு முறை'யில் பாத்தி 6 கிலோமீட்டர். இப்போது நம்ம மாவட்டத்துக்கு நாலைந்து பாத்தி. பாத்தியின் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை நாலு மடங்கு. கணக்கையும் பாதி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஆக வேலை எட்டு மடங்கு. அதற்குத்தான் புனேயில் 'அர்கா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர்.

ஆனாலும் ஒரு சின்ன இடிமேகம் 6 கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். நமக்குக் கிழக்கே கடல் வேறு. அங்கே அளக்கும் கருவிகள் குறைவு. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் காரைக்காலுக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவில், புதுச்சேரி அருகே கரையேறும் என்று சொன்னார்கள். அப்படியே 30-ஆம் தேதி இரவு ஏறியது. ஏறிய பிறகு நகராமல் மணிக்கணக்கில் நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. எங்கே வரும் என்பதைவிட எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் கஷ்டமான கணக்கு.

சம்பாவுக்கு யூரியா மேலுரம் போடுமுன் அடுத்த இரண்டு நாள் அறிவிப்பைப் பாருங்க. 'கனமழை' என்றால் ஒரு நாளில் 7 சென்டிமீட்டருக்குக் குறையாது. போட்ட உரம் வடிகாலோடு போய்விடும். தள்ளிப் போடுங்க, வடிகால் வாயை முதல் நாளே வெட்டி விடுங்க. 'ஓரிரு இடங்களில்' என்றால் நாலில் ஒரு இடத்துக்கு மேல் பெய்யாது என்று அர்த்தம். அதற்காக அறுவடை மெஷினைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அன்று காலை காரைக்கால் ராடார் படத்தைச் செல்போனில் பாருங்க. பிள்ளைங்களைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பாங்க. மேகம் நம்ம பக்கம் நகர்ந்தால் இரண்டு மூன்று மணி நேரம் கையில் இருக்கும். களத்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட அது போதும்.