புழுங்கலரிசி புகட்டும் பாடம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, நிரை நிரையாக மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கால்களே முதல், கண்களே துணை, நெஞ்சின் வலிமையே சேமிப்பு. இவற்றுள் எதற்கு எந்த உணவு நன்மை பயக்கும் என்று பலரும் வினவுகின்றனர். இவ்வினாவுக்கு விடை காண நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கோலாலம்பூரிலேயே, நம் அடுப்பங்கரை அரிசியை முன்வைத்து, உலகம் வியக்கும் உண்மையொன்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் வெளிப்பட்டது. அதனை இன்று நினைவுகூர்வோம்.

அக்காலத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டி வந்தது. முதலில் கால்கள் மரத்துப்போகும், பின்னர் நடை தளரும், உடல் வீங்கும், முடிவில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பல்லாயிரவர் இந்நோய்க்கு இரையாயினர். ஆனால் தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. வேறுபாடு உலையிலேயே இருக்கிறது என அவர் கருதினார்.

இதனைச் சோதித்தறிய, கோலாலம்பூர் மனநோயர் காப்பகத்தில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1905ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். காப்பகத்தில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றை எண் பெற்றோர்க்கு வெள்ளையரிசி. இரட்டை எண் பெற்றோர்க்குப் புழுங்கலரிசி. பிற உணவு யாவும் ஒன்றே. இடத்தின் குறையோ என்னும் ஐயம் எழாதிருக்க, இடையில் இரு சாராரின் விடுதிகளையும் மாற்றிப் பார்த்தனர். நோய் விடுதியைத் தொடரவில்லை, அரிசியையே தொடர்ந்தது. வெள்ளையரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோரில் ஒருவரும் அந்நோயால் மாளவில்லை. இன்றைய அறநெறி இத்தகைய சோதனைக்கு இடங்கொடாது. மாண்டவர்களை எண்ணுங்கால் நம் நெஞ்சம் கனக்கிறது.

எனினும் காரணம் அப்போது தெளிவாகவில்லை. அரிசியில் நஞ்சு கலந்துள்ளது என்றே பிராடன் நம்பினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், ஜெலுபு வட்டாரத்தில் வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு நடத்தி, 1909ஆம் ஆண்டில் வேறு முடிவைக் கண்டனர். குற்றம் அரிசியில் சேர்ந்த நஞ்சன்று; அரிசியிலிருந்து நீங்கிய சத்தே என்றனர். அச்சத்தைத்தான் இன்று நாம் வைட்டமின் பி1 என்கிறோம். நரம்பும் இதயமும் ஒழுங்காக இயங்க அது இன்றியமையாதது.

புழுங்கலரிசிக்கு மட்டும் அச்சத்து எவ்வாறு தங்கியது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முற்றிலும் அகல்வதில்லை. நம் பாட்டிமார் வைட்டமின் என்னும் சொல்லைக் கேட்டறியார். ஆயினும் அவர்கள் அவித்த நெல் பலரின் உயிரைக் காத்தது.

பெருமக்களே, இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. நாம் வீசியெறியும் பகுதியிலேயே பெரும்பாலும் நலம் பொதிந்துள்ளது. அரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், நரம்புக்குரிய சத்தும் உடன் போகும். பச்சைப் பயற்றைத் தோலுடன் சமைத்தால் குடல் செவ்வனே இயங்கும். நெத்திலியை முள்ளோடு உண்டால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து கிட்டும். உப்பைப் போக்க நன்கு அலசுதல் வேண்டும். லயத்து வேலியோரம் நிற்கும் முருங்கையின் கீரையும், கொல்லைப் பப்பாளியும் கண்ணுக்கு உகந்தவை. கீரையைச் சிறிது எண்ணெயிட்டு வதக்கினால் கண்ணுக்குரிய சத்து உடலில் நன்கு சேரும். இரத்தம் ஊறப் பயறும் கீரையும் உண்போர் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம். உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். ஆகவே சற்று நேரம் கழித்தே அருந்துக.

பெரிபெரி நம் நாட்டில் இன்று அரிதாகிவிட்டது. ஆனால் கால் மரத்துப்போகும் துன்பம் வேறு வடிவில் நம் வீடுகளுக்கு வந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர். இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. நீரிழிவு கண்ணை மங்கச் செய்யும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும், கால் நரம்பைக் கெடுக்கும். நிரையில் நடக்கையில் முள் தைத்ததும் தெரியாமல், புண் முற்றிக் காலையே இழந்தோரும் உளர்.

பட்டை பட்டையாக வெள்ளைச் சோறும், கெட்டிப்பால் கலந்த தேநீரும், பாட்டில் பானமும் தொடர்ந்தால் இந்நோய்க்கு வழி திறந்ததாகும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் இன்றும் புழுங்கலரிசியும் கேழ்வரகும் கிடைக்கின்றன. அவற்றையும் அளவோடு உண்ணல் வேண்டும். புழுங்கலாயினும் சோறு சோறே. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பயறோ மீனோ என வகுத்துக்கொள்வது நன்று. பழத்தைப் பிழிந்து சர்க்கரையிட்டுக் குடிப்பதினும் பழமாகவே உண்பது சாலச் சிறந்தது.

இறுதியாக ஒன்று. உணவு உடலைக் காக்கும். ஆனால் வந்த நோய்க்கு மருந்தாக எண்ணிச் சிகிச்சையைக் கைவிடலாகாது. அண்மையிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளோர் நாள்தோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் முன்னோரைக் காத்த உணவறிவு, நம் பிள்ளைகளையும் காக்கட்டும்.