வென்றவர் இல்லாத கிண்ணம்

பனிக்கட்டி ஹொக்கியின் தலையாய பரிசு ஸ்ரான்லிக் கிண்ணமாகும். 2005ஆம் ஆண்டில் அது எவருக்கும் வழங்கப்படவில்லை. அதற்குக் காரணம் சம்பளத் தகராறு. அந்தப் பருவத்தில் ஆட்டமே நடைபெறவில்லை. 1919ஆம் ஆண்டின் கதை வேறு. அவ்வாண்டில் பருவம் ஆடப்பட்டது, இறுதித் தொடரில் ஐந்து ஆட்டங்களும் நடந்தேறின; எனினும் கிண்ணத்தைக் கையேற்பார் எவருமிலர்.

ஊதியம் பெற்று ஆடுவோருக்கென 1917 நவம்பரில் மொன்றியலில் அமைக்கப்பட்ட தேசிய ஹொக்கி லீக்குக்கு அது இரண்டாவது பருவம். அந்த லீக் அப்பொழுது மிகவும் நலிந்த நிலையில் இருந்தது. எஞ்சியிருந்த கழகங்கள் மூன்றே. அவற்றுள் ரொறன்ரோ 1919 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மிஞ்சிய இரண்டும் தம்முள் மோத, மொன்றியல் கனேடியன்ஸ் ஒட்டாவாவை வென்று, மேற்குக் கரையின் வெற்றியாளரைச் சந்திக்க ரயிலேறியது. ஒட்டாவாவின் ஹம்பி ஷோர் பருவம் தொடங்குமுன்னரே, 1918 ஒக்டோபரில், இன்புளுவென்சாவுக்குப் பலியாகியிருந்தார்.

எதிரணி ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரைச் சேர்ந்தது. 1917இல் இதே மொன்றியலை வென்று, கிண்ணத்தை முதன்முதல் அமெரிக்க மண்ணுக்குக் கொண்டு சென்ற அணி அது. கொள்ளைநோய் காரணமாக அந்நகரில் 1918 ஒக்டோபரில் பொதுக்கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. நவம்பரில் தடை நீங்கியது. ஆபத்து அகன்றதென்றே மக்கள் எண்ணினர்.

மேற்கே அணிக்கு எழுவர், கிழக்கே அறுவர். ஆதலால் ஓர் ஆட்டம் ஒரு முறைப்படியும் அடுத்தது மறுமுறைப்படியும் நடைபெற்றது. முதலாட்டத்தில் சியாற்றில் 7-0 என வென்றது. அடுத்ததை மொன்றியல் 4-2 என வென்றது; நான்கு கோல்களையும் லலோண்ட் ஒருவரே அடித்தார். மூன்றாவது மீண்டும் சியாற்றிலுக்கு, 7-2. நான்காவது ஆட்டத்தில் மேலதிக நேரமும் ஆடியும் ஒரு கோலேனும் விழவில்லை. ஐந்தாவதில் மொன்றியல் மூன்று கோல் பின்தங்கி நின்று, பின் சமன்செய்து, மேலதிக நேரத்தில் 4-3 என வென்றது. இருதரப்பினரும் நிற்கவும் வலுவின்றிக் களைத்தனர். ஆனால் அது வெறுங் களைப்பன்று.

அவ்வாட்டத்தின் இடையிலேயே விலகியவர் ஜோ ஹால். இங்கிலாந்திற் பிறந்து கனடாவில் வளர்ந்தவர், வயது முப்பத்தேழு. முரட்டு ஆட்டத்தால் ‘பொல்லாத ஜோ’ எனப் பெயரெடுத்தவர். கியூபெக் அணிக்காக 1912இலும் 1913இலும் கிண்ணம் வென்றவர். அத்தகைய உடலையும் நோய் சில நாட்களில் வீழ்த்தியது. லலோண்ட், மக்டோனல்ட் முதலியோரும் மனேஜர் ஜோர்ஜ் கென்னடியும் படுத்த படுக்கையாயினர்.

ஏப்ரல் 1ஆந் திகதி ஆறாவது ஆட்டம் நடைபெற வேண்டும். களமிறக்கப் போதிய ஆட்களில்லை. கென்னடி கிண்ணத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தார். சியாற்றில் மனேஜர் பீற் மல்டூன் அதனை ஏற்க மறுத்தார். நோயாளிகளிடமிருந்து கிண்ணம் வாங்குவது அவருக்கு வெற்றியாகத் தோன்றவில்லை. பணமும் புகழும் ஒருங்கே காத்திருந்த வேளையில் அவர் அவ்வாறு செய்தது சிறிய காரியமன்று. ஆட்டம் கைவிடப்பட்டது.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 5இல், ஹால் நியூமோனியாவினால் சியாற்றிலில் உயிர்நீத்தார். பின்னர் 1961இல் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. கென்னடி எழுந்து நடமாடினாரெனினும் பழைய உடல்நலத்தைப் பெறவேயில்லை. 1921 ஒக்டோபரில் மறைந்தார். அவருடைய மனைவி கழகத்தைப் பதினோராயிரம் டொலருக்கு விற்றார். கிண்ணம் 1948இல் புதுப்பிக்கப்பட்டபோது, இரு அணிகளின் பெயர்களும் ஒருங்கே பொறிக்கப்பட்டு, தொடர் நிறைவுறவில்லை என்ற குறிப்பும் அவற்றின் கீழ் இடம்பெற்றது.