ஏமாற்றம் தரும் முதல் வரைவு



எழுதத் தொடங்கிய எவரும் அறிந்த ஓர் ஏமாற்றத்தைப் பற்றியே இன்று பேச முற்படுகின்றோம். உள்ளத்தில் ஒளியோடு நின்ற கதை தாளில் இறங்கியதும் மங்கிவிடுகிறது. மறுநாள் படிக்கையில் இதுவா நாம் எழுத நினைத்தது என்று மனம் சோர்கிறது. அந்தச் சோர்வில் பலர் வரைவை மட்டுமன்றி எழுத்தையே கைவிட்டு விடுகின்றனர். எழுதுவோர் தொகை குறைந்த நம் போன்ற சமூகத்தில் இது சிறிய இழப்பன்று.

குறையுடைய வரைவு பயனற்ற வரைவு ஆகாது. உருசிய நாட்டு டால்ஸ்டாய், நாடுகடத்தப்பட்டு 1856இல் தாயகம் திரும்பும் ஒரு முதியவரைப் பற்றியே முதலில் எழுதத் தொடங்கினார். அந்நாவல் முற்றுப்பெறவில்லை. ஆயினும் அம்முதியவரை அறியும்பொருட்டு 1825ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கும், அதனின்றும் 1812ஆம் ஆண்டுப் போருக்கும், பின்னர் 1805க்கும் அவர் பின்னோக்கிச் சென்றார். 'போரும் அமைதியும்' அவ்வாறு உருவாயிற்று. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1957இல் பதிப்பகத்திடம் அளித்த கைப்படி, வளர்ந்த பெண்ணொருத்தி ஊர் திரும்பும் கதை. பதிப்பாசிரியர் டே ஹோஹாஃப், அதனுள் வந்த இளமைக்கால நினைவுகளிலேயே உயிர் இருக்கக் கண்டார். மீண்டும் மீண்டும் திருத்தி எழுதப்பட்ட அந்நூல் 1960இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என வெளிவந்தது. முதல் வரைவு, எழுத வேண்டிய கதை எது என்பதைக் காட்டிக் கொடுத்தது.

நம் மரபுக்கும் இது புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு அறிவிக்கப்பட்டது எனப் பாயிரம் கூறும். தடையும் விடையும் கண்ட பின்னரே நூல் உலகிற்குச் சென்றது. அரங்கேற்றம் என்பது பாராட்டு விழா மட்டுமன்று. அது ஒரு தேர்வுக்களமும் ஆகும்.

இந்நாட்டிலும் அத்தகைய களங்கள் இருந்தன. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழில் 'கதை வகுப்பு' நடத்தினர். 1952இல் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பேற்றுக் கோலாலம்பூர் வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்த காலத்தில் இலக்கிய வட்டம் அமைத்து எழுதுவோரை ஒன்றுகூட்டினார். உன் கதை நன்றாக இல்லை என்பதோடு நில்லாமல், எங்கே நன்றாக இல்லை, ஏன் இல்லை என்று சொல்வதற்கு அன்று ஆள் இருந்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. அந்தப் பணியை இனி நாமே ஒருவர்க்கொருவர் செய்துகொள்ள வேண்டியவர்களாய் இருக்கின்றோம்.

அதனை எவ்வாறு செய்வது? இவ்வூர்ச் செய்தி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மாணவி ஒருத்தி தைப்பூசம் பற்றிக் கதை எழுதுகிறாள் எனக் கொள்வோம். தலைநகர் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளித்தேர், காவடிகள், 272 படிகள், மக்கள் வெள்ளம் எனப் பக்கங்கள் நிறைகின்றன. படித்தால் செய்தித்தாள் போல் இருக்கிறது. ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: மகன் காவடியோடு மேலேற, முழங்கால் வலியால் ஏற இயலாத தாய் அடிவாரத்தில் அவனது செருப்பைக் காத்து நிற்கிறாள். கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முன்னுள்ள மூன்று பக்கங்களும் அவ்வரியைச் சென்றடைய அவள் நடந்த வழி. வழியை நீக்கலாம், நடக்காமல் இருந்திருந்தால் அத்தாயைக் கண்டிருக்க முடியாது.

ஆகவே, வரைவைக் கிழிக்காமல் நாள் குறித்து வைப்போம். சில வாரம் கழித்து வாய்விட்டுப் படிப்போம்; தோட்டத்துப் பாட்டி மேடைத் தமிழ் பேசினால் நம் செவியே அதனைச் சொல்லிவிடும். உயிருள்ள வரிகளை அடிக்கோடிட்டு, அவற்றைப் புதிய தாளில் எழுதி, பழைய படியைப் பாராமல் தொடர்வோம். நம்பத்தக்க ஒருவரிடம், "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "எந்த இடத்தில் உங்கள் கவனம் சிதறிற்று?" என்று கேட்போம். முன்னைய வினாவிற்கு உபசாரமே விடையாகும். பின்னையதற்கு உண்மை கிடைக்கும்.

எல்லா வரைவும் தேறும் என்று நாம் கூறவில்லை. சில வரைவுகள் ஒரு சொற்றொடரை மட்டுமே தரும். சில, இப்பொருள் நமக்குரியதன்று என்பதை உணர்த்தும். அதுவும் ஊதியமே.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கட்டுரையில் பிழைகளைச் சிவப்பு மையால் சுழிக்கும்போது, உயிருள்ள ஒரு வரியையேனும் கண்டு அதன் கீழும் கோடிடுங்கள். அந்த ஒரு கோட்டிற்காக அப்பிள்ளை இரண்டாம் வரைவை எழுதக்கூடும்.