ஐதரசன் என்னும் அழையா விருந்தாளி



அணுக்களுள் மிக இலேசானது ஐதரசன். அது குறைகடத்திகளுட் புகுந்து செய்யும் வேலையே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

செம்பு மின்னை எளிதிற் கடத்தும், கண்ணாடி கடத்தாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது சிலிக்கன் முதலிய குறைகடத்தி. அளவறிந்து சேர்க்கும் மாசே அதன் கடத்துதிறனை ஆளுகின்றது. சிலிக்கனிலே போரனைச் சேர்த்தால், இலத்திரன் குறைந்த துளைகள் தோன்றி மின்னைச் சுமக்கும்.

ஐதரசனோ அழையாமலே வருவது. அது போரனுக்கும் அயற் சிலிக்கனுக்கும் இடையே அமர்ந்து போரனின் தொழிலை ஒடுக்கிவிடும் என்பது 1983ஆம் ஆண்டளவில் அறியப்பட்டது. நீல ஒளிவிளக்கு நெடுங்காலம் கைகூடாமைக்கும் இது ஒரு காரணமாகும். காலியம் நைத்திரைட்டிலே சேர்த்த மகனீசியத்தை, அமோனியாவிலிருந்து வந்த ஐதரசன் பிணித்து வைத்திருந்தது. 1989இல் யப்பானில் அக்கசாக்கியும் அமானோவும் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி மகனீசியத்தைத் தொழிற்படச் செய்தனர். ஆயினும் காரணம் அப்பொழுது விளங்கவில்லை. 1992இல் நக்கமுரா, நைதரசன் வாயுவிலே 700 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கி அதே பயனைப் பெற்று, தடையாயிருந்தது ஐதரசனே என விளக்கினார். மூவரும் 2014இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

அங்ஙனமாயின் ஐதரசன் பகைதானோ? அன்று. பளிங்குருவற்ற சிலிக்கனிலே துணையின்றி நிற்கும் பிணைப்புகளை அடைத்து, அதனைச் சூரிய மின்கலத்துக்கு ஏற்றதாக்குவதும் அதுவே.

தனித்த ஐதரசனை ஆராய்வது கடினம். அது விரைந்து நகர்ந்து வேறொன்றுடன் சேர்ந்துவிடும். ஆகவே விஞ்ஞானிகள் அதன் பிரதிநிதியாக மியூவோனியத்தைக் கொள்கின்றனர். இதிற் புரோத்தனின் இடத்தில் நேர்மின் மியூவன் இருக்கும். அதன் திணிவு புரோத்தனின் ஒன்பதில் ஒரு பங்கு. சராசரி ஆயுளோ ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. அழியும்போது அது வெளிவிடும் பொசித்திரன் மியூவனின் சுழற்சித் திசையையே பெரிதும் நாடிச் செல்லும். பல இலட்சம் பொசித்திரன்களை எண்ணினால், மியூவன் எங்கே இருந்தது, இலத்திரனை எவ்வளவு இறுகப் பற்றியிருந்தது என்பன புலனாகும். நாக ஒட்சைட்டில் ஐதரசன் தன் இலத்திரனை எளிதில் ஈந்துவிடும் என 2000இல் வன் டி வாலே கணித்துக் கூறினார். மறு ஆண்டே மியூவோனியப் பரிசோதனை அதற்குச் சான்று தந்தது.

ஆய்கூடத்தில் முயற்சி பலியாதபோது, நாம் சேர்த்த பொருளை மாத்திரமன்றிச் சேர்க்காது வந்த பொருளையும் ஆராய்தல் வேண்டும். நீல ஒளிக்கு வழி திறந்தது அவ்விதமே. விஞ்ஞானம் பயிலும் வாலிபர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.