பெட்டி பிறகு, பத்திரம் முதலில்



பிள்ளைகுட்டிகளோடு வேறு நாடு போக எண்ணும் கேமரன் மலைக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வந்தது ஒன்றுதான். பெட்டி பிறகு கட்டலாம். பத்திரங்களை முதலில் எடுத்து வையுங்கள்.

1969-இல் வேலை பெர்மிட் சட்டம் அமலானபோது, சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் பல்லாயிரம் பேர் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். ஆனால் 1957 மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர் முடிய இங்கே பிறந்த பிள்ளை, பெற்றோர் சிவப்புக் கார்டாயினும், சட்டப்படி இந்நாட்டுப் பிரஜை! அதற்குச் சாட்சி பிறப்புப் பத்திரம். லயத்தில் பிறந்து, பதியாமல் விட்ட பிள்ளை எதைக் காட்டும்? கிராணிமாராகிய நமக்கும் அதில் பொறுப்புண்டு. எழுதத் தெரிந்தவர் நாம்தானே.

பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, சேமநிதிக் கணக்கு எல்லாவற்றையும் ஞாயிறு காலை சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றுக்கொன்று பெயரெழுத்து மாறியிருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம்.