சாவுச் சடங்கும் மாங் மக்களும்

சாவுச் சடங்கில் கை வைத்தால் செத்தவர் கதி கெட்டுவிடும் என்று சொல்லாத சமூகம் அநேகமாய் உலகில் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னவர்களே, இடமும் காலமும் நெருக்கியபோது சடங்கை மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். இதற்கு மாங் மக்களின் சங்கதியே போதுமான சாட்சியாகும்.

இவர்கள் லாவோஸ் தேசத்து மலைவாசிகள். அங்கு நடந்த யுத்தத்தில் இவர்களில் பலர் அமெரிக்காவின் பக்கம் நின்றார்கள். 1975-இல் அந்தப் பக்கம் தோற்றதும், மேக்காங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடி, பிறகு ஏராளமானவர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். மினசோட்டா, கலிபோர்னியா, விஸ்கான்சின் மாகாணங்களில் பெருவாரியாய் வசிக்கிறார்கள்.

அவர்கள் முறைப்படி சாவு என்பது மூன்று நான்கு நாள் காரியம். பறை முழங்கும், மூங்கில் குழல்களாலான 'கேங்' என்னும் வாத்தியம் ஊதப்படும், மாடுகள் பலியாகும், காகிதப் பணம் எரிக்கப்படும். வழி சொல்லும் பாட்டும் உண்டு. உயிரானது தான் வாழ்ந்த ஊர்கள் வழியே திரும்பிப் போய், பிறந்த வீட்டில் புதைத்த நஞ்சுக்கொடியைச் சட்டையாய் அணிந்துகொண்டு மூதாதையரிடம் சேர வேண்டுமாம்.

சரி, அமெரிக்க ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் நஞ்சுக்கொடி எந்த வீட்டில் புதைந்திருக்கிறது? அதன் உயிர் எங்கே போய்த் தேடும்? இந்தக் கேள்வியை நாம் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கே தோன்றாமல் இராது.

மாறுதலும் வந்துவிட்டது. வீட்டில் கிடத்திய பிணம் சவச்சாலைக்குப் போயிற்று. வாசலில் வெட்டிய மாடு கசாப்புச்சாலைக்குப் போயிற்று. வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சடங்கு வாரக்கடைசிக்கு வந்தது. கிறிஸ்தவரானவர்கள் பழைய முறையையே விட்டார்கள். செலவோ பல்லாயிரம் டாலர். அதைக் குறைக்க வேண்டுமென்று அவர்களுக்குள்ளேயே பேச்சு நடக்கிறது.

இவற்றைவிட முக்கியமானது பெண்கள் சங்கதி. கல்யாணமான பெண் புருஷன் குலத்தைச் சேர்ந்தவளாம். விவாகரத்தானால் அந்தக் குலமும் இல்லை. தகப்பன் வீட்டுத் தெய்வமும் ஏற்காதாம். அப்படியானால் அவள் பிணத்திற்கு யார் பொறுப்பு? பெற்ற மகளுக்குத் தகப்பன் வீட்டில் சாவதற்குக்கூட இடமில்லை என்பது என்ன நியாயம்? இப்பொழுது சில குடும்பங்கள் அத்தகைய பெண்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள முன்வந்திருக்கின்றன. இதுவே மெய்யான சீர்திருத்தம்.

நாம் அவர்களைப் பரிகாசம் செய்யவில்லை. நாடிழந்தவர்களுக்கு அந்தப் பாட்டு ஊர்ப்பெயர்களை ஞாபகப்படுத்திற்று. சாவு வீட்டில் உறவினர் பணமும் உழைப்பும் தந்து தாங்குவது உயர்ந்த குணம், அது நிலைக்கட்டும். ஆனால் மாட்டுக்கும் வீட்டுக்கும் நாளுக்கும் மாறக்கூடிய சடங்கு, ஒரு பெண்ணின் மானத்திற்காக மட்டும் மாறக்கூடாதா? மனிதன் உண்டாக்கியதை மனிதன் மாற்றலாம். செத்தவருக்காக இருப்பவரைக் கடனாளியாக்குவதும், பெற்ற மகளை அனாதையாக்குவதும் மரியாதை ஆகாது, தோழர்களே!